டீயில் போட்ட சீன வேர்

கிழவனாவதில்லை என்று நான் முடிவு செய்தபோது என் பேரனுக்கு வயது ஒரு நாள்.

மகள் கமர்ஜஹான் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை வாய் திறந்து அழுவதற்குள் நாகல் நகரே என்னை 'நன்னா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் தாத்தாவா? மீசையில் நரை இருக்கிறதுதான். அது என் சொந்த விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் பினாங்கிலிருந்து வந்த மைதீன் பிச்சை என் தோல் மண்டிக்குள் நுழைந்து, ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தான்.

"ஜின்செங், மச்சான். சீனாக்காரன் வேரு. தேயிலையோட கொதிக்க வச்சுக் குடி. அங்க எழுவது வயசுக் கிழவன் தென்னை மரம் ஏறுறான்."

"வீட்ல தெரிஞ்சா?"

"சொல்றதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

தெரிந்தால் மானம் போய்விடும். பேரன் பிறந்த வீட்டில் தாத்தா வாலிபத்துக்கு மருந்து தேடுகிறான் என்றால், மருமகன் ரஹ்மத்துல்லா முகத்தில் எப்படி விழிப்பேன்? வேரை நறுக்கி, பொட்டலமாகவே ஒளித்தேன். எங்கே? மகளுக்குப் பிள்ளைபெற்ற மருந்து இடிக்கச் சுக்கும் சித்தரத்தையும் வைத்திருந்த டப்பாவின் அடியில். வேரோடு வேராக யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் காலையில் டப்பாவுக்குள் கை விட்டேன். பின்னால் என் மனைவி காதர் பீவி.

"என்னங்க தேடுறீக?"

"வயிறு உப்புசமா இருக்கு. சுக்கு..."

"இந்தா பொட்டலத்துல நறுக்கியிருக்கே, இதானே?"

"ஆமா ஆமா. அதேதான்!"

"நீங்க போங்க. தினமும் நானே டீயில தட்டிப் போட்டுத் தாரேன்."

பாவம், வெள்ளை மனசு. அவளை ஏமாற்றுவது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

டீ வந்தது. காரம் உச்சந்தலைக்கு ஏறியது. மண்டியில் ஆள் கூப்பிடாமல் தோல் கட்டை நானே தூக்கினேன். மீசைக்கு மை பூசினேன். சிறுமலைகூடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது.

பேரனுக்குப் பெயர் வைக்கும் விருந்தில், மருமகன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவர் முன்னால் பிரியாணி. என் முன்னால் குழைந்த சோறும் பூண்டுக் குழம்பும்.

"ஏய், இது கமருக்குள்ள பத்தியச் சோறுல்ல?"

"உங்களுக்குந்தான். அவ மருந்தைத்தானே இம்புட்டு நாளும் டீயில குடிச்சீக? பிள்ளைபெத்த மருந்து குடிச்சா பத்தியம் இருக்கணும். கறி ஆகாது."

"அப்ப என் சீன வேரு?" வாய் முந்திக்கொண்டது.

"மைதீன் பிச்சை அண்ணன் பொண்டாட்டிகிட்டச் சொல்லாம இருப்பாரா? அவ எங்கிட்டச் சொல்லாம இருப்பாளா? அதை அன்னிக்கே செம்பட்டிக்கு எங்கத்தாவுக்குக் குடுத்து விட்டுட்டேன். வயசானவுகளுக்குத்தானே அதெல்லாம் வேணும்?"

மருமகன் பிரியாணியை நோக்கிக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மீசை மை வியர்வையோடு உதட்டுக்கு இறங்கியது.

வாசலில் சைக்கிள் மணி. செம்பட்டியிலிருந்து மிதித்தே வந்த மாமனார் ஒரே தாவாகத் தாவி இறங்கினார். மூச்சுக்கூட வாங்கவில்லை. உள்ளே வந்து என் தட்டைக் குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ளே, சுகப்பிரசவந்தானா?"