தம்பி பாலம் கடந்த விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் மூட்டுவலியும் அத்தானின் முன்கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. அதில் என்னைக் கல்நெஞ்சன் என்று ஓரிடத்திலும், நீயெல்லாம் ஒரு தகப்பனா என்று இன்னோரிடத்திலும் எழுதியிருந்தாய். கையெழுத்து அழகாக இருந்தது. பெற்ற மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடித்தனம் போய் ஒரு வருஷம் ஆகிறது, ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். பார்த்துவிட்டேன் அக்கா. இதை அவள் வீட்டு மேஜையில் வைத்துத்தான் எழுதுகிறேன். நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. அது இறங்கிய விதத்தைச் சொல்கிறேன். அத்தானுக்கு வாசித்துக் காட்டும்போது சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிரிக்கச் சொல்.

எங்கள் ஆற்றுப் பாலத்தின் மேல் எனக்குள்ள மோகம் உனக்குத் தெரியும். இரண்டு கோபுரம், அவற்றில் தூக்கிக் கட்டிய இரும்பு வடம், வடத்திலிருந்து சீப்புப் பல் மாதிரி வரிசையாக இறங்கும் கம்பிகள். என் கடைக்குக் கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட வருகிற ஜோடிகளை நிறுத்திவைத்து, லாரியின் பாரம் எப்படிக் கம்பியில் ஏறி, வடத்துக்குப் போய், கோபுரம் வழியாகப் பூமிக்குள் இறங்குகிறது என்று விளக்கி முடிப்பதற்குள் அவர்களுக்குள் சண்டையே வந்துவிடும். தெருவில் எனக்குப் பாலத்துக்காரர் என்றே பெயர். ஆனால் அக்கா, இவ்வளவும் கரையில் நின்றபடிதான். பாலத்தில் கால் வைத்தால் வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? இது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொன்னால் தெரு சிரிக்கும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அந்தக் கரைக்குப் போகிற வேலை எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன். மகள் அந்தக் கரை மாப்பிள்ளையாகப் பார்த்துத் தேடிக்கொள்வாள் என்று யார் கண்டது.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மகள் முதல்முதலாக அவரைப் பற்றிச் சொன்னபோது, "அந்தரத்துல தொங்குற வேலையா?" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த உயரத்தை நினைத்துத்தான் திருப்பினேன், அவ்வளவுதான். அவளோ, அப்பா இவர் வேலையை இளக்காரமாகப் பேசுகிறார் என்று மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள். கல்யாணம் எங்கள் கரையில் நல்லபடியாகவே நடந்தது. அதற்குப் பிறகு நான் அவள் வீட்டுக்குப் போகாததையும் அந்த முடிச்சோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். நான் முயற்சி செய்யாமல் இல்லை. பஸ்ஸில் ஏறி, பாலத்துக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் கண்டக்டர் என்னைக் கண்டால் கேட்காமலே அதுவரைக்கும்தான் டிக்கெட் கிழிக்கிறார். போன வாரம் மகள் அவள் அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். "அப்பா இந்த ஞாயித்துக்கிழமை வரலைன்னா, இனிமே உங்களுக்கு மக இல்லைன்னு அவர்கிட்ட சொல்லிடும்மா." என் மனைவி ஃபோனை என் காதுக்குப் பக்கத்தில்தான் பிடித்திருந்தாள். அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தே போவதென்று முடிவானது. பஸ் என்றால் நடுப்பாலத்தில் இறங்க முடியாது, நடந்தால் வேண்டாமென்றால் திரும்பலாம் என்பது என் கணக்கு. "கீழ பாக்காதீங்க, பக்கத்துல பாக்காதீங்க, முன்னாடி போறவர் முதுகை மட்டும் பாருங்க" என்றாள் என் மனைவி. விழுந்தால் நான் ஒருவனாக விழுகிறேன் என்று அவளை முன்னால் அனுப்பிவிட்டேன். எனக்கு வாய்த்தது கட்டம் போட்ட சட்டை, நல்ல அகலமான முதுகு. அந்தக் கட்டங்களிலேயே கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு நடந்தேன், லாரி போனபோது பாதை அதிர்ந்தது, கட்டத்தைப் பார்த்தேன், காற்று வேட்டியைத் தூக்கியது, கட்டத்தைப் பார்த்தேன், நடுவில் முதுகு நின்றது, நானும் நின்றேன், முதுகு ஏதோ மறந்ததுபோல் சட்டைப்பையைத் தடவியது, அப்புறம் ஒரு கணம் அது முகமாக மாறியது, மரியாதைக்கு ஒதுங்கினேன், மறுபடி முதுகானது, பின்தொடர்ந்தேன். கடைசியில் காலுக்குக் கீழே மண் வந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பக்கத்தில் பங்ச்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம், "இந்தக் கரையும் அப்படியே எங்க கரை மாதிரியேதாங்க இருக்கு" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாலத்துக்காரரே, இது நம்ம கரைதான். இப்பத்தானே இங்கேருந்து போனீங்க?" முன் வைத்த காலைப் பின் வைக்கக் கூடாது என்பார்கள். நான் வைக்கவில்லை அக்கா. முன்னால் வைத்து வைத்தே திரும்பி வந்திருக்கிறேன்.

இதில் வினை என்னவென்றால், அக்கரையில் அம்மாவும் மகளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பாதி தூரம் வந்து, யோசித்து, திரும்பிப் போகிறார் என்றுதானே தெரிந்திருக்கும்? மகள் விறுவிறுவென்று பாலத்தில் ஏறிவிட்டாள். நான் ரோஷத்தில் மறுபடி கிளம்பி, கைப்பிடியைக் கட்டிப்பிடித்தபடி முதல் கோபுரம் வரை வந்திருந்தேன். எதிரே வந்து நின்றாள்.

"பாதி வழி வந்து திரும்பிப் போனா என்னப்பா அர்த்தம்? எங்க வாசப்படி அவ்வளவு கேவலமாப் போச்சா?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் படம் சட்டம் போட்ட வாடிக்கையாளர்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நான் சட்டம் போட்டுக் குடுத்த கல்யாணப் படத்தைக் கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கியாமே?"

"அது ஆணி அடிக்கிற வரைக்கும் சாத்தி வச்சது. இப்ப எங்க இருக்குன்னு வந்து பாத்தாத்தானே தெரியும்?"

"ஈரச் சுவத்துல சாத்தினா சட்டம் வளையும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"வந்து பாத்துட்டுப் பேசுங்க" என்று திரும்பி நடந்தாள். விடுவேனா? பின்னாலேயே போனேன். கண்ணாடி துடைக்கத் தனித் துணி கொடுத்தேனே அது எங்கே என்றேன், அதை அம்மா எடுத்துப் போய்விட்டாள் என்றாள், அம்மாவை ஏன் இழுக்கிறாய் என்றேன், நீங்கள்தான் இழுத்தீர்கள் என்றாள், குறுக்கே போய் மறித்தேன், விரலை ஆட்டினேன், ஹாரன் அடித்த லாரிக்காரனைப் பார்த்து "பொறுப்பா, பேசிட்டிருக்கோம்ல" என்று சொன்னேனாம், எனக்கு நினைவில்லை. திடீரென்று செருப்புக்குள் மணல் நறநறத்தது. என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். இந்தப் பக்கத்திலிருந்து பாலம் கொள்ளை அழகு அக்கா. அவ்வளவு நீளத்தையும் கடந்து வந்திருக்கிறோம் என்று மறுகணம் உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா, என்ன பண்ணுது?"

"பயம்மா."

"எதுக்கு?"

"பாலத்துக்கு."

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினாள். மகள் என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "என்னை உங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னு ஒரு வருஷமா அழுதிருக்கேம்பா. இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" நானும் அழுதேன். வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

படம் கூடத்தில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்திருந்தது, நேராக்கினேன். என் பயத்தைக் கேட்டு மாப்பிள்ளை சிரிக்கவே இல்லை. "லிஃப்ட் குழியை முதல்ல பாத்த அன்னைக்கு நான் சாப்பிடலை மாமா" என்றார். தங்கமான பிள்ளை. இத்தனை நாள் இந்த மனிதர் பக்கத்தில் உட்காராமல் போனேனே என்று இருக்கிறது. இனி ஒரு குறையும் இல்லை. உன் தம்பி பாலம் கடந்துவிட்டான், தெருவெல்லாம் சொல்.

அத்தானுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும், உன் மூட்டுக்கு என் பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
கல்நெஞ்சன் அல்லாத உன் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமலே நாள் ஓடிவிட்டது. வந்தவன் எப்படித் திரும்பிப் போவான் என்பதை அன்றைக்கு யாருமே யோசிக்கவில்லை. இன்று நாளை என்று நான் இங்கேயே தங்கியதைப் பார்த்து மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. மாமா இனிமேல் மகளைப் பார்க்கப் பாலம் தாண்டவே கூடாது என்று, என்னிடம் சொல்லாமல், எங்கள் தெருவிலேயே வீடு பிடித்துவிட்டார். காலையில் லாரி வந்தது. சாமான், படம், மகள், மாப்பிள்ளை, முன் சீட்டில் என் மனைவி, அவள் பையில் என் ஃபோன், எல்லாம் இங்கிருந்து பாலம் தாண்டி எங்கள் கரைக்குப் போய்விட்டன. "நீங்களும் ஏறுங்க" என்றார்கள். ஒரு தடவை கடந்தவனாயிற்றே, "நான் நடந்தே வர்றேன், போங்க" என்று சொல்லிவிட்டேன். மேஜையும் போய்விட்டதால் ஜன்னல் கட்டையில் வைத்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் சாவிக்காக நிற்கிறார். அவரிடம் சண்டைக்குப் போய்ப் பார்த்தேன், ரொம்ப நல்ல மனிதர், பிடிகொடுக்கவில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் போகிற பால் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கண்டதும் கிளம்பி வா. வரும்போது என்னோடு சண்டை போட ஏதாவது பழைய விஷயம் யோசித்துக்கொண்டு வா. சின்னதாக இருந்தால் போதாது அக்கா, பாலம் ரொம்ப நீளம்.