வேங்கிக்காலுக்கு இரண்டேகால் கிலோமீட்டர்

திருவண்ணாமலையில் யாரும் வழி தவற முடியாது. எங்கே நின்றாலும் மலை தெரியும். அதன் எந்த முகம் தெரிகிறது என்று பார்த்தாலே நாம் நிற்கிற இடம் புரிந்துவிடும். முதல் முறை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கூட இரண்டு நாளில் பழகிக்கொள்வார். அந்த ஊரிலேயே பிறந்து, இருபத்து நான்கு வருடம் அங்கேயே சோறு தின்று வளர்ந்த நான், பட்டப்பகலில், ஆறு கிலோமீட்டரில் இருக்கும் வேங்கிக்காலுக்குக் கிளம்பி, ஒன்றரை மணி நேரம் சைக்கிள் மிதித்து, என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தேன். (குடித்திருந்தேனா என்று கேட்பார்கள். இல்லை. குடித்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும்.)

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. மாடியில் மூன்று அறை கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். காலேஜில் இரண்டு பேப்பரை மிச்சம் வைத்துவிட்டு வந்த எனக்கு, அந்த அறைகளைப் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த நாட்களில் எங்கள் சந்தில் செல்போன் வைத்திருந்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். அப்போதுதான் மார்ட்டின் என்ற ஹாலந்துக்காரர் கோவாவிலிருந்து சைக்கிளிலேயே வந்து எங்கள் மாடியில் தங்கினார்.

அவருடைய சைக்கிள் ஹேண்டில்பாரில் இரண்டு தீப்பெட்டியை அடுக்கிய அளவில் ஒரு கருவி இருந்தது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளைக் கேட்டு, நாம் போக வேண்டிய இடம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லுமாம். இன்றைய செல்போனில் வருவதுபோல் தெருவும் சந்தும் அதில் தெரியாது. ஒரு அம்புக்குறி, அதற்குக் கீழே ஒரு எண், அவ்வளவுதான். மார்ட்டின் பத்து நாள் மௌன விரதம் இருக்கப்போவதாகச் சொல்லி, கருவியை என்னிடம் ஒப்படைத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். நான் அதை அலமாரியில் பூட்டி வைத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலமே என் சைக்கிளில் மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் அலட்டலை ஊர் தாங்கவில்லை. டீக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, "இங்கிருந்து எங்க வீடு முந்நூத்தி நாப்பது மீட்டர்" என்று அறிவிப்பேன். டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே, "அத தெரிஞ்சுகிட்டு நான் இன்னா பண்ணணும்?" என்றார். அம்மா அதை டப்பா என்றாள். கறிக்கடைக்காரர் கால்குலேட்டர் என்று நினைத்துக் கணக்குப் போடக் கேட்டார். பாமரர்கள் என்று எல்லோரையும் மன்னித்தேன்.

எங்கள் வீட்டில் உண்மையாகவே விவரம் தெரிந்தவர் அண்ணி. பெயர் சுமதி. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வருடக்கணக்காகக் காத்திருந்தார். அண்ணன் பெங்களூரில் வேலை பார்த்தான், வாரம் ஒருமுறை வருவான். அண்ணி வீட்டு வேலையும் பார்த்து, சந்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்து, தபால்காரர் மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்ப்பார். கருவி என் கைக்கு வந்த மூன்றாம் நாள் கடிதம் வந்தேவிட்டது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு வேங்கிக்காலில் உள்ள அலுவலகத்துக்கு அசல்களோடு வர வேண்டும், பகல் பதினொன்றரைக்குள் காட்டிவிட வேண்டும். அண்ணி அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அழுதுகொண்டே சிரித்தார்.

இடம் பார்த்து வர அவரை முன்கூட்டியே நான்தான் கூட்டிப்போனேன். அலுவலக வாசலில் நின்று, கருவியில் அந்த இடத்தைப் பதிவும் செய்தேன். அதிலிருந்த எழுத்தெல்லாம் டச்சு மொழி. எனக்கு இங்கிலீஷே தகராறு. குத்துமதிப்பாக நாலு பட்டனை அமுக்கி, வேங்கிக்கால் என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டியதும் பீப் என்றது. "இனிமே கண்ண மூடிகிட்டு வரலாம் அண்ணி" என்றேன்.

"கண்ண தொறந்துகிட்டு வந்தாலே வரலாம் தம்பி. நேரா ஒரே ரோடு" என்றார் அண்ணி.

சரிபார்ப்பு நாள் பௌர்ணமியாக வந்து வாய்த்தது. திதி காலையிலேயே ஆரம்பம் என்பதால், ரோட்டை அடைப்பதற்கு முன்பே அண்ணி ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். ஒன்பதேகாலுக்கு வீட்டு போன் அடித்தது. அண்ணிதான், அங்கிருந்த பூத்திலிருந்து பேசினார்.

"தம்பி, ஃபைல்ல சாதி சர்டிபிகேட் ஒரிஜினல் இல்ல. ஜெராக்ஸ்தான் இருக்கு. நேத்து உங்ககிட்டதான குடுத்தேன்?"

கொடியில் தொங்கிய என் சட்டையைத் தடவினேன். பையில் நாலாக மடித்து இருந்தது. முந்தின நாள் நகல் எடுத்துவிட்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு, அசலை என்னோடு வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறேன்.

"இதோ வந்துட்டேன் அண்ணி. பத்தே காலுக்கு அங்க இருப்பேன்."

"பதட்டப்படாம வாங்க. டைம் இருக்கு" என்றார். அந்த நேரத்திலும் எனக்குத் தைரியம் சொன்னார் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றும் எனக்குக் கூசுகிறது.

"டவுன் வழியா ஓரமா உருட்டிகிட்டாவது போய்டுடா" என்றாள் அம்மா. நான் கேட்கவில்லை. கருவியில் வேங்கிக்காலைத் தேர்ந்தெடுத்தேன். அம்பு நேராக மலையைக் காட்டியது. கீழே இரண்டு கிலோமீட்டர் என்று இருந்தது. ஆறு கிலோமீட்டர் இரண்டாகிவிட்டதில் எனக்கு ஒரே புல்லரிப்பு. நேர்கோட்டில் பறந்தால் இவ்வளவுதான் போலிருக்கிறது, மலை குறுக்கே நிற்கிறது, சுற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதானே என்று முடிவு செய்தேன். டவுன் பக்கமிருந்து கிரிவலக் கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. பௌர்ணமியன்று அதற்கு எதிராகப் போவது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். எனவே கூட்டத்தோடு சேர்ந்து மேற்கே திரும்பினேன். சுற்றுவழிதான் என்றாலும், நேரம் இருந்தது. இதுவரை நான் செய்ததில் பெரிய தப்பில்லை என்று என் மனைவிகூட ஒத்துக்கொள்கிறாள்.

வலம் போகிறவனுக்கு மலை எப்போதும் வலப்பக்கம் இருக்கும். அம்பும் வலப்பக்கமே காட்டிக்கொண்டு வந்தது. எண்ணைப் பார்த்தேன், இரண்டேகால். இரண்டு கிலோமீட்டர் மிதித்துவிட்டுப் பார்த்தேன், இரண்டரை. அடிஅண்ணாமலை தாண்டியும் இரண்டேகால். இத்தனை மிதித்தும் தூரம் கம்மியாகவில்லையே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கருவி பீப் என்றபோது, பக்கத்தில் நடந்துவந்த பெரியவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உள்ள சாமி நாமம் ஓடுதா தம்பி?" என்று கேட்டார். "சேட்டிலைட்" என்றேன் கர்வத்தோடு. "சைக்கிள்ல சுத்துனா பலன் கம்மிதான்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

பத்தேகாலுக்கு, ஈசான்ய லிங்கம் தாண்டி வேலூர் ரோடு வந்து சேரும் இடத்தை அடைந்தேன். இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இடப்பக்கம் வேங்கிக்கால். பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்த ரோட்டில் நான் நூறு தடவை போயிருக்கிறேன். அந்த இடத்தில் நின்று, வேங்கிக்கால் போகும் ரோட்டை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பிறகு குனிந்து கருவியைப் பார்த்தேன். அம்பு வலப்பக்கம் காட்டியது.

ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. பௌர்ணமிக்காக ரோட்டை எங்கேயாவது திருப்பிவிட்டிருப்பார்கள், நமக்குத் தெரியாதது மேலேயிருந்து பார்க்கிற செயற்கைக்கோளுக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. வலப்பக்கம் திரும்பினேன்.

திரும்பியதும் கூட்டம் என்னை விழுங்கியது. கோயிலைச் சுற்றிய வீதிகளில் சைக்கிளை மிதிக்கவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. யாரோ கையில் தொன்னையைத் திணித்துப் பொங்கல் வைத்தார்கள், அதையும் தின்றேன். தலை நிமிர்ந்து பார்த்தபோது செங்கம் ரோடு. இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கள் சந்து முனை. அம்மா அங்கே நின்று, நடந்து போகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? குடுத்துட்டியாடா?" என்றாள் அம்மா.

நான் கருவியைப் பார்த்தேன். அம்பு மலையைக் காட்டியது. கீழே இரண்டு கிலோமீட்டர். மணி பத்து ஐம்பத்தைந்து.

சைக்கிளைத் திருப்பினேன். ஒன்றரை மணி நேரத்துக்கு முன் அம்மா சொல்லியும் நான் கேட்காத அறிவுரையை இப்போது செயல்படுத்தினேன். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடியவன் அன்றைக்கு நான் ஒருவன்தான். "எதுக்க வரான் பாரு, மூதேவி" என்று ஒரு அம்மா நெற்றியைச் சுளித்தார். போலீஸ்காரர் லத்தியைத் தூக்கினார். வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து.

அண்ணி அலுவலக வராண்டாவில், மடியில் ஃபைலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். அவருக்காக அதிகாரிகள் பதினொன்றே முக்கால்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுப் பட்டியலை மேலே அனுப்பிவிட்டார்களாம். அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்று சொன்னார்களாம். அடுத்தது எப்போது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நான் சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினேன். வியர்வையில் மடிப்பெல்லாம் ஈரமாகியிருந்தது. அண்ணி வாங்கிப் பிரித்து, புடவைத் தலைப்பால் ஒற்றி, ஃபைலில் வைத்தார்.

"எந்த வழியா வந்தீங்க தம்பி?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"அதுல இப்ப எவ்ளோ தூரம்னு காட்டுது?"

பார்த்தேன். "மூணு சொச்சம்."

"எதுக்கு?"

"வேங்கிக்காலுக்கு அண்ணி."

அலுவலக வாசலில் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். அண்ணி எட்டி அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு, "வழியெல்லாம் எவ்ளோ காட்டுச்சு? ரெண்டு, ரெண்டேகாலா?" என்று கேட்டார். "எப்பவும் மலை பக்கமேவா?" தலையாட்டினேன். ஃபைலின் மேல் விரலால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்தார். "உச்சிய வச்சிருக்கீங்க தம்பி" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் சொன்னதுதான் சரி. மலை ஏறியபோது மார்ட்டின் உச்சியைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். புது இடம் பதிகிறேன் என்று நினைத்து, அந்த உச்சிக்குத்தான் நான் வேங்கிக்கால் என்று பெயர் மாற்றியிருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் மார்ட்டினின் மௌனம் ஒன்பதாம் நாளே கலைந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர அப்படிச் சிரித்தார். கருவியை நீயே வைத்துக்கொள் என்றார். அதைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை.

இதுகூடப் பரவாயில்லை. அந்த வாரம் அண்ணன் வந்தபோது, "நான்தான் சர்டிபிகேட்ட வீட்ல விட்டுட்டுப் போய்ட்டேன்" என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணன் வாரா வாரம் வந்து, "ஒரு பேப்பர ஒழுங்கா எடுத்துனு போவத் தெரியல, நீ இன்னா புள்ளைங்களுக்கு சொல்லித் தரப்போற?" என்று திட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ரசம் போட்டு இரண்டாம் முறையும் சாப்பிட்டிருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த கடிதம் வர இரண்டு வருடம் ஆனது. அது வந்த அன்றுதான் எல்லோர் முன்னாலும் உளறிக் கொட்டினேன். அண்ணன் சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கியவன் இன்னும் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டில் யார் கடைக்குக் கிளம்பினாலும், "நேரா போறியா, இல்ல வலம் வந்துட்டுப் போறியா?" என்று கேட்பது அன்றிலிருந்து வழக்கம்.

அண்ணி இப்போது ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கப் போனேன். கரும்பலகையில் பெரிய வட்டம். நடுப்புள்ளியில் ஒரு மலை. ஓரத்தில் சைக்கிள் ஓட்டும் ஒரு குச்சி மனிதன். நடுவிலிருந்து அவனுக்கு ஒரு கோடு இழுத்து, அதன் பக்கத்தில் ஆரம் என்று எழுதியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு பெண் எழுந்து, "மிஸ், அந்த சைக்கிள்காரர் இவர்தானா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

"மிஸ், அவர் யாருக்கு மிஸ் அந்த சர்டிபிகேட்ட எடுத்துனு போனாரு?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. சாக்பீஸை எடுத்தார்.

"யாரோ ஒரு அம்மாவுக்கு. நோட்ட எடு, அடுத்த கணக்கு."