வெளிநாட்டு விருந்தாளிகளும் தப்பே செய்யாத மாமனாரும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் மாமியார் சௌக்கியம், வீடு சௌக்கியம், என் ரத்த அழுத்தம் மட்டும் சௌக்கியமில்லை. அங்கே மகளும் பேத்தியும் நலமென்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். இதை மாமனார் கடிதமாகப் படித்தாலும் சரி, பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர் தலைமை அலுவலக மேலாளருக்கு எழுதும் புகாராகப் படித்தாலும் சரி.

"பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டிலிருந்து நாலு பேர் வருகிறார்கள், ஆறு மாதம் உங்கள் பிரிவில் வேலை செய்வார்கள், அன்போடு வரவேற்று ஆவன செய்யவும்" என்று உத்தரவு போட்டீர்கள். செய்தேனா இல்லையா? விமான நிலையத்தில் கம்பெனி பெயர் எழுதின அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன். அட்டையைப் பார்த்துச் சிரித்தவர்களை எல்லாம் வேனில் ஏற்றினேன். அஞ்சு பேர் சிரித்தார்கள். அஞ்சாவது ஆள் பல் டாக்டர்கள் மாநாட்டுக்கு வந்தவர் என்பது ரெண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை குவார்ட்டர்ஸில் தூங்கி, பாதுகாப்புப் பயிற்சியில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு ஹெல்மெட் வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்? இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? குளியலறைக் குழாயில் வெந்நீர், பச்சைத்தண்ணீர் என்று சீட்டுகூட ஒட்டினேன். சீட்டு ரெண்டும் இடம் மாறிப்போனதற்கு, சீட்டு அடித்துக் கொடுத்தவன்தான் பொறுப்பு.

அது கிடக்கட்டும். இந்த நாலு பேரோட ஊர் ஃபேக்டரியில ஒரு வழக்கமாம். ஷிஃப்ட் முடிஞ்சதும் கையைக் கழுவிக்கிட்டு வீட்டைப் பார்க்கப் போகாம, எல்லாரும் வட்டமா நின்னு, அன்னிக்குத் தான் பண்ணின தப்பை ஆளுக்கு ஒண்ணாச் சொல்லணுமாம். கேட்கிறவங்க திட்டக் கூடாதாம், நன்றின்னு சொல்லணுமாம்! திட்டாம இருக்கிறதுக்கு நான் எதுக்கு மாப்பிள்ளை சூப்பர்வைசர்? அவங்கள்ல உயரமானவன் "ஏணி மேலேருந்து ஸ்பேனரைக் கீழ போட்டேன்"ங்கிறான். அவங்களோட வந்த பொண்ணு "மனசுக்குள்ள சூப்பர்வைசரைத் திட்டினேன்"ங்குது. அதுக்கும் நன்றி! சொல்லி முடிச்சிட்டு நாலு பேரும் என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க. பதினெட்டு நாளா பார்க்கிறாங்க. முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல தப்புன்னு ஒண்ணு பண்ணியிருந்தா சொல்ல மாட்டேனா?

இப்போ இந்த வியாதி நம்ம ஆளுங்களுக்கும் தொத்திக்கிச்சு. எலக்ட்ரீஷியன் மதியம் தூங்கினதைச் சொல்லி நன்றி வாங்கிட்டுப் போறான். நாலு நாள் முன்னாடி வெல்டர் கேட்கிறான், "போன வருஷம் தண்ணி வர்ற வால்வை யாரோ மூடி வெச்சதால பெரிய பம்ப் மோட்டார் எரிஞ்சதே, அது யார் தப்பு சார்? வால்வை நான் மூடலைன்னுதானே ஃபிட்டர் கடைசி வரைக்கும் சொன்னான்?" எவ்வளவு கொழுப்பு பாருங்க! விசாரணை முடிஞ்சு, என் ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே ஃபிட்டரை எட்டு மணி நேரத் தூரத்து யூனிட்டுக்கு மாத்தி, ஃபைலையும் மூடியாச்சு. அவன் பொண்டாட்டி பிள்ளைங்க இங்கேயே கிடக்கிறாங்க, மாசம் ஒரு தடவைதான் வந்து பார்த்துட்டுப் போறான், இதையெல்லாம் இந்த வெல்டர் எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லணும்? நான் என்ன பண்ண முடியும்? நாலு நாளா தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கலை.

ஆகையால் அந்த நாலு பேரையும் உடனே வேறு பிரிவுக்கு மாற்றவும். இல்லையேல், வட்டமாக நிற்கத் தடை என்று சுற்றறிக்கை அனுப்பவும். ரெண்டும் முடியாதென்றால் விருப்ப ஓய்வுக் கடிதம் தயார். மகளுக்கு என் அன்பு, பேத்திக்கு முத்தம். தாங்கள் மேலும் மேலும் பதவி உயர்ந்து, இதுபோன்ற உத்தரவுகளை வேறு யாருக்காவது போட என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு: கவரை ஒட்டுவதற்குள் இன்றைய ஷிஃப்ட் முடிந்துவிட்டது. வட்டத்தில் நின்றேன். வால்வை மூடினது நான்தான் மாப்பிள்ளை. கசிவு பார்க்க மூடிட்டு, டீ குடிக்கப் போயிட்டேன், யார்கிட்டயும் சொல்லலை. ரிப்போர்ட் எழுதும்போது மறந்துட்டேன்னு சொன்னா அது பொய். எல்லாரும் நன்றின்னாங்க. வெல்டர் மட்டும் சொல்லலை. ஃபிட்டர் அவன் தங்கச்சி புருஷன், எப்படிச் சொல்லுவான்? மேலே எழுதினதை எல்லாம் அடிச்சிடுங்க. நாலு பேரும் இங்கேயே இருக்கட்டும். ஃபிட்டரைத் திருப்பிக் கூப்பிட இன்னிக்கே உத்தரவு போடுங்க. அதுல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என் பேரை எழுதுங்க.