நூறு வயது கிதார்

இனி எதற்கும் மேலிடத்தின் அனுமதி கேட்பதில்லை என்று புதன்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன். மேலிடம் என்றால் என் மனைவி. வாயெல்லாம் நுரையாக இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை.

அன்று மாலையே அமல்படுத்தினேன். நான் நடக்கப் போகும் வழியில் ஒரு பழைய சாமான் கடை. கண்ணாடிக்குப் பின்னால், முன்வரிசையில், ஒரு கிதார். வார்னிஷ் முழுக்க மீன்செதில் மாதிரி விரிசல். கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டு பழுத்த மஞ்சள். கம்பெனிப் பெயர் போட்ட காகிதம் கிழிந்து, பசைத்தடம் மட்டும் பாக்கி.

"எந்தக் காலத்துது?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததா சார்?" என்றார் கடைக்காரர்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு வீட்டையே எழுதிக் கொடுத்திருப்பேன். கிதாருக்கு மட்டும் பணம் வாங்கியது அவர் பெருந்தன்மை.

முப்பத்து மூன்று வருஷம் பதிவறையில் தேதி முத்திரை குத்தியவன் நான். தேதி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அந்தத் திறமை வீணாகக் கூடாதென்று ஓய்வுக்குப் பிறகு பழம்பொருள் சேர்க்கிறேன். கூடத்தில் ஜன்னலோரம் முழுக்க ஓடாத கடிகாரங்கள் ஒன்பது. ஒன்பதும் ஒன்பது நேரம் காட்டும். எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒன்று சரியாகத்தான் இருக்கும் என்பது என் வாதம்.

கிதாரைப் பார்த்த மேலிடம் "ம்" என்றது. அவ்வளவுதான். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியத் தூக்கம் முடிந்ததும் ஆராய்ச்சியில் இறங்கினேன். நல்லவேளை, அவளுடைய கைக்கண்ணாடி மேசைமேலேயே இருந்தது. டார்ச்சும் பக்கத்தில். கண்ணாடியைக் கிதாரின் ஓட்டைக்குள் விட்டு மேல்பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பென்சிலில் ஓர் எண். 18.

"இங்க வா! ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு! செஞ்சவனே கைப்பட எழுதியிருக்கான்!"

"நல்லாப் பார்த்தீங்களா?"

"இந்தக் கண்ணாடியில இப்பத்தான் பார்த்தேன். நூறு வயசு தாண்டியாச்சு!"

"பந்தயம் வச்சுக்கலாமா? நூறு வயசுன்னா அது கூடத்து நடுவுல இருக்கட்டும். உங்க கடிகாரத்தையெல்லாம் தினம் நானே துடைக்கிறேன்."

"இல்லேன்னா?"

"ஒன்பதும் வெளியே போகணும். அந்த ஜன்னலோரம் எனக்கு வேணும். ஒரு நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்காரணும்."

நாற்பது வருஷத்தில் முதல் வெற்றி எதிரே நிற்கிறது. விடுவேனா? அவள் கையில் ஓங்கி அடித்து ஒப்புக்கொண்டேன்.

என் சட்டைப்பையிலிருந்து பேருந்துச் சீட்டை எடுத்தாள். அதன் பின்புறம் 81 என்று எழுதினாள். கைக்கண்ணாடி முன்னால் காட்டினாள்.

கண்ணாடிக்குள் 18 என்னைப் பார்த்துச் சிரித்தது.

"எண்பத்தொண்ணுங்க. கண்ணாடியில இடம் வலம் மாறும். தினம் முகம் பார்க்கிறவளுக்குத் தெரியும்."

"எண்பத்தொண்ணுதான்னு என்ன நிச்சயம்?"

"எழுதினதே நான்தானே."

"நீயா?"

"காலேஜ் கடைசி வருஷம். கம்பியைத் தளர்த்திட்டு, கையை உள்ளே விட்டு எழுதினேன். இது என் கிதார்."

"நீ கிதார் வாசிப்பியா?"

"பரண்ல ஒரு கறுப்புப் பெட்டி இருந்துதே, ஞாபகமிருக்கா? மூணு வீடு மாறினப்பவும் நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க. ஒவ்வொரு தடவையும் 'என்ன கனம்!'னு சலிச்சுக்கிட்டீங்க. 'என்ன இது?'ன்னு ஒரு தடவைகூடக் கேக்கல."

ஒன்பது கடிகாரங்களும் என் கட்சியில் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தன. அவள் கிதாரை மடியில் வைத்து ஒரு கம்பியை முறுக்கினாள். தட்டினாள். மறுபடி முறுக்கினாள். என்னைவிட அது சீக்கிரம் சொன்ன பேச்சுக் கேட்டது.

"அப்ப கடைக்கு எப்படிப் போச்சு?"

"செவ்வாய்க்கிழமை நான்தான் கொடுத்தேன். வீட்ல இடம் வேணுமில்ல?"

வாசல் மணி அடித்தது. கடைக்காரர்! தோளில் கயிறு, கையில் கோணிகள், பின்னால் தள்ளுவண்டி.

"இப்பத்தானேய்யா தோத்தேன்! அதுக்குள்ள எப்படி வந்தீங்க?"

"அம்மா செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டாங்க சார். கிதாரை முன்னாடி வைங்க, வியாழக்கிழமை நாலு மணிக்கு வண்டியோட வாங்கன்னு."

அவர் முதலில் கழற்றிய கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக நாலு மணி.