மொட்டைக் கடிதம்

"மன்னிப்பா? எதுக்கு பிரதர்?" என்று நிர்மலாதேவி கேட்டபோது, வந்த வழியே திரும்பிவிடலாமா என்றிருந்தது கிருபாலனுக்கு.

அலோர் காஜாவில் அந்த வீட்டு முன்னறை முழுக்க மருந்து வாடை. சக்கர நாற்காலியில் நிர்மலாதேவியின் கணவர் புவனேந்திரன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்து நாலு மாதம். பேச்சு போய்விட்டது. ஒரு காலத்தில் மலாக்கா டவுனில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் அவரும் கிருபாலனும் அடுத்தடுத்த மேசைக் குமாஸ்தாக்கள். ஞாயிறானால் ஒரே தேவாலயம்.

"புவனேந்திரன்கிட்டதான் கேக்கணும் சிஸ்டர். அதுக்கு முன்னாடி, உங்க கடிகாரம் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடுது."

கண்ணில் பட்ட குறையைச் சொல்லாமல் விட்டால் கிருபாலனுக்குத் தொண்டையில் முள் சிக்கினாற்போல இருக்கும், ஆபீஸ் நாளிலிருந்தே.

பிறகு சொன்னார். பதினெட்டு வருடங்களுக்கு முன்பு, பதவி உயர்வு புவனேந்திரனுக்குப் போய்விடுமோ என்ற பொறாமையில், அவர் வேலை முடியுமுன்பே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார் என்று மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டது தாம்தான். அடுத்த மாதமே புவனேந்திரனுக்கு அலோர் காஜாவுக்கு மாற்றல். போன ஞாயிறு, காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற பைபிள் பகுதியைத் தேவாலயத்தில் வாசிக்கும் முறை கிருபாலனுக்கு. பாதியிலேயே பைபிளை மூடிவிட்டார்.

புவனேந்திரன் இடது கையைப் படபடவென்று ஆட்டினார். கிருபாலன் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். நிர்மலாதேவியின் முகமோ வெளுத்துப்போயிற்று.

"அப்போ மணியம் இல்லையா?"

"எந்த மணியம்?"

"ஆபீஸ் டிரைவர் மணியம். இவரு சீக்கிரம் கிளம்புறது அவனுக்குத்தானே தெரியும்? அவன்தான் போட்டுக் குடுத்துட்டான்னு இத்தனை வருஷமா எந்த விசேஷத்துக்கும் கூப்பிடலையே பிரதர்! மலாக்கா பாச்சாங்ல இருந்த வீட்டை விட்டு வந்த வயித்தெரிச்சல்ல, அவன் பொண்டாட்டி செத்ததுக்குக்கூட நான் போகல."

கிருபாலன் எழுந்தார். நீதி பாதி வழியில் நிற்கக் கூடாது.

"நானே போய் மணியத்துகிட்ட சொல்லிடுறேன்."

"ஐயோ, வேணாம் பிரதர். அவனுக்கு இது எதுவுமே தெரியாது."

அதற்குள் அவர் காரைக் கிளப்பிவிட்டார்.

டுரியான் துங்காலில் மணியம் தம் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த ஈரச் சட்டை மண்ணில் விழுந்தது.

"என்னைப் போயா சந்தேகப்பட்டாங்க? என் பொண்டாட்டி சாவுக்கு வராதப்போ, தூரமா போயிட்டாங்க, சேதி கிடைச்சிருக்காதுன்னு சொல்லித்தானே சார் இத்தனை நாளா மனசைத் தேத்திக்கிட்டேன்!"

"உண்மை தெரியணும்லா மணியம்."

"யாரு சார் கேட்டா?"

மணியம் தாமாகவே காரில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். "சீட் பெல்ட்டு" என்று மட்டும் ஒருமுறை சொன்னார் கிருபாலன்.

மறுபடியும் அதே மருந்து வாடை. மணியம் உள்ளே வராமல் கதவோரமே நின்றார்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேக்கா."

நிர்மலாதேவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகையினூடே கிருபாலன் பக்கம் திரும்பினார்.

"உங்க மனசு லேசாகணும்னு எங்க எல்லார் தலையிலயும் இறக்கி வச்சிட்டீங்களே!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஒரு நல்ல காரியம் செய்ய வந்து, சாயங்காலத்துக்குள் இரண்டு குடும்பங்களை அழவைத்தாயிற்று. கிருபாலன் சக்கர நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டார். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

"என் பாவத்தாலதான் உங்களுக்கு இந்த ஊரு. என்னை மன்னிச்சிடுங்க புவனேந்திரன்."

புவனேந்திரன் இடது கையால் எழுதுவதுபோல் காட்டினார். வேலை விட்டு அப்போதுதான் உள்ளே வந்த மகள் அனுசியா, ஒரு நோட்டுப் புத்தகத்தை அவர் மடியில் வைத்து, விரல்களுக்கிடையே பேனாவைச் செருகினாள். எழுத வெகு நேரம் பிடித்தது. கிருபாலன் கண்களை மூடிக் காத்திருந்தார்.

அனுசியா குனிந்து படித்தாள். அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"'மாற்றல் நானே மனுப் போட்டு வாங்கினது, கிருபாலன் பக்கத்துல உக்கார முடியல'ன்னு எழுதியிருக்காரு, அங்கிள்."