போளிக்கு முன் எழுந்த குற்றம்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
12-5-1974

சிரஞ்சீவி சேஷனுக்கு அத்திம்பேர் சுந்தரராமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா விஜயமும் க்ஷேமம், என் குடல் நீங்கலாக. திருநெல்வேலியில் உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. உன் பெண் சூடாமணியின் நிச்சயதார்த்தப் பந்தியில், போளியும் பால்பாயசமும் வருமுன் நான் இலையை விட்டு எழுந்துவிட்டேன். ஒருவர் எழுந்தால் வரிசையே எழ வேண்டும் என்பது முறையாதலால் மாப்பிள்ளை வீட்டாரும் எழ நேர்ந்தது. அன்றிலிருந்து, இங்கே கரமனையில் இருக்கும் சம்பந்தியிடமிருந்து பேச்சுமூச்சில்லை, கல்யாணமே நின்றுவிடும் என்கிறாய். 'வெறும் அஜீரணம், மன்னிக்கவும்' என்று நான் அவருக்கு எழுத வேண்டுமாம். எழுத மாட்டேன். அஜீரணம் என்பது வடையைத் திருடித் தின்கிறவனுக்கு வருவது. எனக்கு இருப்பது குடலின் உள்சுவரில் வீக்கமும் புண்ணும். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னது. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் லைப்ரரியில் அகராதியை வைத்துக்கொண்டு கோலைட்டிஸ் என்கிற இந்த வியாதியைப் பற்றி இங்கிலீஷிலேயே படித்திருக்கிறேன். பி.ஏ. முடித்த நீ என்ன படித்தாய்?

அன்று ரசம் சாதத்தில் கை வைத்ததும், இடது அடிவயிற்றை யாரோ ஈரத்துணி மாதிரிப் பிழிந்தார்கள். நீ குனிந்து, "அத்திம்பேர், மானத்தை வாங்காதேங்கோ. பல்லைக் கடிச்சுண்டு ஒக்காருங்கோ" என்றாய். பல்லுக்கும் அந்த இடத்துக்கும் என்னடா தொடர்பு? கொல்லைக் கக்கூஸிலிருந்து திரும்பினால் எல்லோரும் வைத்தியர்கள். உன் மாமனார் வாயு என்றார். சம்பந்தியோடு வந்த அவருடைய எதிர்வீட்டு வக்கீல் தம் மலையாளத் தமிழில், "ஒண்ணுமில்லை கேட்டோ, எல்லாம் மனசிலே உள்ளதாக்கும்" என்றார். சமையற்காரர் பெருங்காயத்தைக் குழைத்துக்கொண்டு என் தொப்புளைத் தேடி வந்தார். காலில் கட்டுப் போட்டவனுக்கு நாற்காலி போடுவீர்கள். குடலில் புண் உள்ளவனிடம் மட்டும் மரியாதை எதிர்பார்ப்பீர்கள்.

சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை. எனக்கு அடுத்தபடியாக எழுந்து, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று போனவர் அவர்தான். அத்தனை கோபம். இருக்கட்டும். ஒரு வயிற்றுவலியைப் பொறுக்காத வீட்டில் நம் குழந்தை எப்படி வாழும்? நின்றால் நிற்கட்டும்.

சூடாமணிக்கு என் பரிபூரண ஆசிகள். தீர்க்காயுசோடும் நல்ல ஜீரணத்தோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சுந்தரராமன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சம்பந்தியே வந்து நின்றார். சண்டைக்குத் தயாரானேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "ஓய், அன்னிக்கு நீர் எழுந்திருக்கலேன்னா என் மானம் போயிருக்கும். எனக்கும் அதேதான். ஒம்ம டாக்டர் யாரு?" என்றார். இத்தனை நாள் பேச்சுமூச்சில்லாததற்குக் காரணம் அதுதான்; வீட்டில் ஜுரம் என்று சொல்லிவிட்டு வலியில் சுருண்டு கிடந்திருக்கிறார், பாவம். விஜயம் குழைய வடித்த சாதத்தை இருவரும் சாப்பிட்டோம். கல்யாணம் ஆவணியில். அவர் வியாதி அவர் வீட்டாருக்குத் தெரியாது; தெரியவும் வேண்டாமாம். உனக்கு மட்டும் சொல்லச் சொன்னார். ஆகவே நீ கேட்ட மன்னிப்புக் கடிதத்தை, அவர் வீட்டார் பார்க்க நீ அனுப்பும்படி, இதோடு வைத்திருக்கிறேன். அதன்படி எனக்கு வெறும் அஜீரணம்தான். வடையைத் திருடித் தின்றதையும் சேர்த்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் எங்கள் இருவருக்கும் கொல்லைக் கதவை ஒட்டி இலை போடச் சொல்.