பதினாறு மடங்கார் நடத்திய அற்புதம்

பேருந்துக் கழக அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அன்று நாற்காலிக்கு அடிதடி. ஒருவர் மேசைமேலேயே ஏறி நின்றுவிட்டார். வந்திருப்பவர் சாதாரண ஆலோசகரா? பதினாறு மடங்கார்! கணினிக்குள் பதினாறு மூளை இருக்கிறது. வேலையைப் பதினாறாகப் பங்கு போட்டால் எந்த நிரலும் பதினாறு மடங்கு பறக்கும் என்பது அவர் அருள்வாக்கு. எந்த நிரல், எவ்வளவு வேலை என்றெல்லாம் கேட்பது தெய்வ நிந்தனை.

பயணிகள் புகார்களை வழித்தட வாரியாக எண்ணும் நிரலை எழுதியவள் கடைசி வரிசையில் நின்றாள். நாற்பதே வரி, ஒற்றை மூளையில் ஓடுவது. இன்று அது தோற்றால் திங்கட்கிழமை முதல் அவள் பழைய கோப்பறைக்கு. மாற்றல் ஆணை தயாராக மேலாளர் முன்னால் கிடந்தது.

மடங்கார் கணினியைப் புதிதாக இயக்கி, முதலில் அவளுடையதை ஓட்டினார். பதினோரு விநாடி. கூட்டம் உச்சுக்கொட்டியது. அடுத்து, அதே புகார்க் கோப்பை எண்ணத் தன்னுடையது. திரையில் மூளைக்கு ஒன்றாகப் பதினாறு பச்சைக் கோடுகளும் உச்சிக்கு ஏறின. உள்விசிறி அலறியது. நான்கே விநாடி!

"பதினாறும் எரியுது சார், பதினாறும் எரியுது!" காசாளருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாறு மடங்கு எங்கே போயிற்று என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அவள் பார்த்தது வேறு. தன் நிரல் ஓடியபோது விடாமல் மினுக்கிய, கணினி முகப்பின் டிஸ்க் விளக்கு, அவருடையது ஓடியபோது ஒருமுறைகூட மினுக்கவில்லை.

மேலாளர் பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம். மெஷினை அணைச்சுப் போட்டு, இந்தத் தடவை அவரோடத முதல்ல ஓட்டுவோமே?"

"ஏம்மா, வரிசைய மாத்தினா வேகம் மாறிடுமா?" மடங்கார் சிரித்தார்.

"மாறாதுல்ல? அப்புறம் என்ன சார், ஓட்டுங்க."

ஓட்டினார்கள். அவருடையது பதின்மூன்று விநாடி. அவளுடையது இரண்டு.

"ஃபைலை டிஸ்க்லேருந்து எடுக்கவே ஒம்பது விநாடி. முதல்ல ஓடுறது எடுத்துட்டு வரும். அடுத்ததுக்கு அது தயாரா நினைவகத்துல இருக்கும். எண்ணுற வேலை ரெண்டே விநாடி. அதைப் பதினாறா பிரிச்சு, எண்ணி, திரும்பக் கூட்டிச் சேர்க்க இவருக்கு நாலு."

"அப்போ பிரிக்கவே கூடாதாம்மா?" காசாளர் பரிதாபமாகக் கேட்டார்.

"தாராளமா பிரிக்கலாம் அண்ணே. பஸ் கேமராப் படம் லட்சக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணையும் அலச அரை நிமிஷம், ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமில்ல. அதை நானே பிரிச்சுத் தரேன். அதையும் அளந்து பாத்துட்டுத்தான்." மடங்கார் பக்கம் திரும்பினாள். "போன ஆபீஸ்லயும் உங்களோடது ரெண்டாவதுதானா சார்?"

"எப்பவுமே ரெண்டாவதுதான்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேலாளர் ஆணையைக் கிழித்தார். மடங்கார் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். அப்போதும் மாடிப்படியில் மூன்று பேர் அவர் கையைக் குலுக்கினார்கள்.

அந்த அறையில் அன்று நாற்பது பட்டதாரிகள். வரிசையை மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றியது ஒருத்திக்கு மட்டும். அவளுக்குத் தன் இடம் பறிபோகவிருந்தது. மற்றவர்களே, உங்களுக்கு யோசனை வர எது பறிபோக வேண்டும்?